பைன் மரத்தின் நாட்காட்டி

இணையக் கடைகளில் ‘போன்சாய் வளர்ப்புப் பெட்டி’ என்று தேடினால் பல பெட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். சிறிய அட்டைப்பெட்டி, அதற்குள் நான்கைந்து விதைப் பொட்டலங்கள், தண்ணீர் ஊற்றினால் உப்பும் மண் வில்லைகள், சின்னஞ்சிறு தொட்டிகள், ஒரு குட்டிக் கத்தரி. நண்பருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க ஏற்ற விலை. பெட்டியின் மேல், நூறு வயது மதிக்கத்தக்க மரம் ஒன்று தட்டையான தொட்டியில் நிற்கும் படம். அந்த விதைப் பொட்டலங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு பெயர், ஸ்காட்ஸ் பைன்.

அந்தப் பெட்டி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. முதலாவது, போன்சாய் விதை என்று தனியாக எதுவும் கிடையாது. பொட்டலத்தில் இருப்பது, காட்டில் 30 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய சாதாரண ஸ்காட்ஸ் பைன் மரத்தின் விதைதான். இரண்டாவது, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ அந்த விதை முளைத்தாலும் மரமாக நிலைப்பது அரிது. குளிர்காலமே வராத ஊரில் அந்த மரத்துக்கு எப்போது உறங்குவது, எப்போது எழுவது என்று தெரியாது.

இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, ஸ்காட்ஸ் பைனை உண்மையிலேயே போன்சாயாகப் பழக்கும் பிரிட்டன், ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் அதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அவர்களிடம் பெரிதும் வியப்பளித்தது, எந்த மாதத்தில் கத்தரியைத் தொடக்கூடாது என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு.

குளிர் நாட்டுப் பிள்ளை

ஸ்காட்ஸ் பைனின் அறிவியல் பெயர் பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ். 1753ல் லின்னேயஸ் தமது தாவர நூலில் பதிவுசெய்த பெயர் அது. உலகின் பைன் இனங்களில் மிகப் பரந்த நிலப்பரப்பில் இயற்கையாக வளர்வது இதுதான். மேற்கே ஸ்பெயின், ஸ்காட்லாந்து தொடங்கி ஸ்கேண்டிநேவியா, ரஷ்யா வழியாகக் கிழக்கு சைபீரியா வரை இதன் காடுகள் பரவியிருக்கின்றன. பின்லாந்தின் வடகோடியில் 700 ஆண்டுகளைக் கடந்த மரங்கள் உண்டு. பிரிட்டனின் மண்ணுக்கே உரிய ஒரே பைன் இனமும் இதுவே. 2014ல் ஸ்காட்லாந்து இதைத் தன் தேசிய மரமாக அறிவித்தது.

இதை அடையாளம் காண்பது எளிது. ஊசி போன்ற இலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். லேசாக முறுக்கிக்கொண்டு, நீலம் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். அடிமரத்தின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தடித்து வெடித்திருக்கும். மேலே போகப் போகப் பட்டை மெலிந்து, செம்மஞ்சள் நிறமாகி, காகிதம்போல் உரியும். மாலை வெயில் பட்டால் மரத்தின் மேல் பாதி மட்டும் தணல்போல் ஒளிரும்.

ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் பரந்திருந்த பைன் காடுகளில் இன்று எஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகளே. பழங்காட்டுப் பகுதிகள் என்று அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டவை 84. அபர்நெதி, கிளென் அஃப்ரிக் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. மரத்துக்காக வெட்டியது, ஆடு மேய்த்தது, மான்கள் பெருகி நாற்றுகளைத் தின்றது எனக் காடு சுருங்கியதற்குக் காரணங்கள் பல.

போன்சாய் வளர்ப்பவர்கள் இந்தக் காடுகளின் ஓரங்களைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். கெய்ர்ன்கார்ம் மலைகளில் சுமார் 640 மீட்டர் உயரத்தில், மரங்கள் வளரக்கூடிய எல்லை முடியும் இடத்தில், ஸ்காட்ஸ் பைன்கள் மனிதனின் இடுப்பளவுகூட உயராமல் காற்றுக்குத் தலைசாய்ந்து நிற்கின்றன. நீர் தேங்கிய கரிச்சேற்று நிலங்களிலும் பல பத்தாண்டு வயதுள்ள மரங்கள் குட்டையாகவே இருக்கின்றன. ஆண்டுதோறும் மான் கடிக்கும் நாற்று, புதர் உயரத்திலேயே நின்று அடிமரம் மட்டும் பருக்கிறது. காற்றும் பனியும் மானும் கத்தரி இல்லாமலேயே செய்த வேலை இது. தொட்டியில் மரத்தைப் பழக்குபவர் இந்த மூன்றின் பங்கையும் தாமே ஏற்றுக்கொள்கிறார்.

பட்டினி போடுவதா?

போன்சாய் என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, “மரத்தைப் பட்டினி போட்டு, கட்டிப்போட்டு வதைப்பது பாவம் இல்லையா?” என்பதுதான். என் பாட்டியும் இதையே கேட்டார். ஆனால் எங்கள் வீவக வீட்டின் நடைவழியில் அவர் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியிலேயே அதற்கான பதில் இருக்கிறது.

கறிவேப்பிலையை அப்படியே விட்டால் ஒற்றைக் குச்சியாக மேலே மேலே போகும். நுனியைக் கிள்ளினால் கீழேயிருந்து இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும். துளசிக்கும் இதே கதைதான். பாட்டிக்குத் தெரிந்த இந்தக் கைப்பழக்கத்துக்குப் பாடநூலில் ‘நுனி ஆதிக்கம்’ என்று பெயர். செடியின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, பக்கத்து மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அந்த அடக்குமுறை தளர்கிறது. உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன.

போன்சாயின் அடிப்படை இதுதான். உயரத்துக்குப் போகும் வலிமையைக் கிளைகளுக்குத் திருப்பிவிடுவது. உணவைக் குறைப்பதற்கு அதில் இடமில்லை. நலிந்த பைன் மரத்தை வெட்டினால் அது துளிர்க்காது. ஆகவே பழக்கத்தில் இருக்கும் மரத்துக்கு முழு வெயில், நல்ல வடிகால், போதிய உரம் எல்லாம் கிடைக்கின்றன. வெட்டுவதைத் தாங்கும் அளவுக்கு அதை முதலில் தெம்பாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கறிவேப்பிலைக்கும் பைனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கறிவேப்பிலையை எந்த மாதம் கிள்ளினாலும் அது துளிர்க்கும். ஸ்காட்ஸ் பைன் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒருமுறைதான் புதுத் தளிர் விடும். அதுமட்டுமன்றி, ஊசியிலை ஒன்றுகூட இல்லாமல் மொட்டையாக வெட்டப்பட்ட பைன் கிளை பெரும்பாலும் காய்ந்துவிடும். தவறான மாதத்தில் வைக்கும் ஒரு வெட்டுக்கு, அந்தக் கிளையையே விலையாகக் கொடுக்க நேரலாம். அதனால்தான் இந்த மரத்தோடு பழகுபவர் கத்தரியை எடுக்கும்முன் நாட்காட்டியைப் பார்க்கிறார்.

மரத்தின் ஓராண்டு

பிரிட்டனின் பருவங்களை வைத்து அந்த ஆண்டைப் பார்ப்போம்.

மார்ச், ஏப்ரல். கிளை நுனிகளில் மொட்டுகள் பருக்கத் தொடங்கும். வேர்கள் விழித்துக்கொள்ளும் நேரம் இது. தொட்டி மாற்ற வேண்டுமானால் இப்போதுதான் மாற்றுவார்கள். இளம் மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், முதிர்ந்த மரத்துக்கு அதைவிட நீண்ட இடைவெளியிலும் இது நடக்கும். வேர்க்கட்டின் வெளிப்புறத்தைப் பிரித்து, சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டி, புது மண்ணில் வைப்பார்கள். மண் என்று சொன்னாலும் அது தோட்டத்து மண்ணன்று. ‘அகடாமா’ எனப்படும் ஜப்பானியக் களிமண் மணிகள், நுரைக்கல், சிறு சரளை ஆகியவற்றின் கலவை. தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில் அடித்துளை வழியே வடிந்துவிட வேண்டும். ஈரம் மட்டும் மணிகளில் தங்க வேண்டும். காற்றில் ஆடினால் புது வேர்கள் அறுந்துவிடும் என்பதால், மரத்தைத் தொட்டியின் துளைகள் வழியே கம்பியால் கட்டி நிறுத்துவார்கள்.

மண்ணைப் பிரிக்கும்போது பைன் வேர்களில் வெள்ளைப் பஞ்சு போன்ற படலம் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் அழுகல் என்று பயந்துபோவார். உண்மையில் அது வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சை. மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் திரட்டி மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. அதனால் பைன் வேரை ஒருபோதும் முழுவதுமாகக் கழுவ மாட்டார்கள். பழைய மண்ணில் ஒரு பகுதியை அப்படியே விட்டு வைப்பார்கள்.

மே, ஜூன். மொட்டுகள் நீண்டு, ஊசியிலைகள் விரிவதற்கு முன்பு, இளம்பச்சை நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் இவற்றை மெழுகுவத்தி என்றே அழைக்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இன்னும் உருவாக்கத்தில் இருக்கும் மரமாக இருந்தால் இவற்றை வளர விட்டுவிடுவார்கள். அடிமரமும் கிளைகளும் பருக்க அந்த வளர்ச்சி தேவை. வடிவம் கூடிய முதிர்ந்த மரமாக இருந்தால், மிக நீண்டவற்றை மட்டும் விரலால் பாதியாக ஒடிப்பார்கள். மரத்தின் உச்சியில் உள்ளவை வலிமையாக இருக்கும், கீழ்க்கிளைகளில் உள்ளவை மெலிந்திருக்கும். ஆகவே மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் ஒடிப்பதுதான் முறை. மரம் தன் வலிமையைத் தானே சமமாகப் பகிர்ந்துகொள்ளாது. வளர்ப்பவர்தான் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

இந்த மாதங்களில் முதிர்ந்த மரத்துக்கு உரத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. ஊசியிலைகள் நீளும் நேரத்தில் உரம் போட்டால் அவை மேலும் நீண்டுவிடும். உள்ளங்கை அகலமே உள்ள கிளையில் விரல் நீள ஊசிகள் நின்றால் மரத்தின் அளவு பொருந்தாமல் போகும்.

ஜூலை இறுதி, ஆகஸ்ட். ஊசியிலைகள் முற்றி விறைப்பாகும். கத்தரி எடுக்க இதுவே ஏற்ற காலம். அந்த ஆண்டின் தளிரை, சில இணை ஊசியிலைகளை விட்டு வெட்டுவார்கள். வெட்டிய இடத்திலும் அதற்குப் பின்னாலும், சில சமயம் பழைய கிளையின் உட்பகுதியிலும் சிறு மொட்டுகள் தோன்றும். ஆனால் அவை அந்த ஆண்டே விரியாது. உருண்டையாக நின்று, குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த மே மாதம்தான் நீளும். ஆகஸ்டில் கேட்ட கேள்விக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் பதில்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இரண்டு மூன்று ஆண்டு வயதான உள் ஊசிகள் மஞ்சளாகி உதிரும். புதியவர்கள் நோய் என்று நினைத்துப் பதறும் இன்னொரு நேரம் இது. இது இயல்பான உதிர்வு. வளர்ப்பவர்கள் பழைய ஊசிகளைக் கையாலும் களைவார்கள். வலிமையான உச்சியில் அதிகம், மெலிந்த கீழ்க்கிளைகளில் சிறிது அல்லது ஒன்றுமே இல்லை. உள்ளே வெளிச்சம் புகுந்தால்தான் உட்புற மொட்டுகள் பிழைக்கும். உரமும் இப்போது தாராளமாகக் கிடைக்கும். அடுத்த வசந்தத்துக்கான சேமிப்பை மரம் இந்த மாதங்களில்தான் செய்கிறது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மரம் உறங்கும். அதை வீட்டுக்குள் எடுத்துவர மாட்டார்கள். வெளியே, குளிரில்தான் இருக்க வேண்டும். ஆழமான நிலத்தில் இருக்கும் வேரைப்போல் தொட்டி வேருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால், கடும் உறைபனியும் வறண்ட காற்றும் தாக்காத இடத்துக்கு மட்டும் மாற்றி வைப்பார்கள்.

கம்பி பேசும் மொழி

கிளைகளை வளைக்கும் வேலை பெரும்பாலும் இலையுதிர் காலம் முதல் குளிர்காலத்தின் இறுதிக்குள் முடிந்துவிடும். செம்புக் கம்பி அல்லது அலுமினியக் கம்பியைக் கிளையைச் சுற்றிச் சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்றுவார்கள். கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சுற்றி முடித்த பிறகே, இரண்டு கைகளாலும் தாங்கி மெல்ல வளைப்பார்கள்.

எந்தப் பக்கம் வளைப்பது என்பதற்கும் காட்டிலேயே விடை உண்டு. இளம் பைனின் கிளைகள் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் பனியின் எடையைச் சுமந்த முதிய மரத்தின் கிளைகள் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கும். ஐந்து வயதுக் கிளையைத் தாழ்த்திக் கட்டியதும் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஐம்பது வயதாகத் தெரிவது அதனால்தான்.

கம்பி நிரந்தரம் அன்று. கிளை அந்த நிலையில் பருத்து உறைந்ததும் கம்பிக்கு வேலை முடிந்தது. கிளை பருக்கும் மாதங்களில் அடிக்கடி பார்த்து, பட்டையில் அழுந்தும் முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுருள் தழும்பு பல ஆண்டுகளுக்கு மறையாது. எடுக்கும்போதும் கம்பியை மறுபடி சுழற்றிக் கழற்றுவதில்லை, கிளை ஒடிந்துவிடும். துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள்.

சில மரங்களில் பட்டை உரிந்து வெளுத்த கிளைகளைப் பார்க்கலாம். மின்னல் தாக்கியோ பனியில் முறிந்தோ காய்ந்த கிளைகளின் சாயல் அது. ஜப்பானியத்தில் காய்ந்த கிளைக்கு ‘ஜின்’ என்றும், அடிமரத்தில் பட்டையின்றிக் காய்ந்த பகுதிக்கு ‘ஷாரி’ என்றும் பெயர். தேவையில்லாத கிளையை அடியோடு வெட்டி எறிவதற்குப் பதில், பட்டையை உரித்து இப்படி ஒரு தழும்பாக வைத்துக்கொள்வதும் உண்டு.

ஆண்டுக்கு ஒரே பெரிய வேலை

மேலே சொன்னவற்றையெல்லாம் ஒரே ஆண்டில் ஒரே மரத்துக்குச் செய்தால் அது பிழைப்பது கடினம். வேரை வெட்டிய மரத்துக்குப் புது வேர் விடச் சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரையைச் செய்வது ஊசியிலைகள். அதே ஆண்டில் இலைகளையும் கழித்துவிட்டால் வேருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. எனவே அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் எளிய விதி, ஓராண்டுக்கு ஒரு பெரிய வேலை. இந்த ஆண்டு தொட்டி மாற்றினால் கிளைகளைத் தொடுவதில்லை. பெரிய கிளையை வளைத்த பிறகு வேர்களுக்கு ஓய்வு. மரம் நலிந்திருந்தால் அந்த ஆண்டு முழுவதும் வெயில், தண்ணீர், உரம் தவிர வேறெதுவும் இல்லை.

ஸ்காட்ஸ் பைனுக்கு இந்த விதி கூடுதலாகப் பொருந்துவதற்கு ஒரு வரலாறும் உண்டு. தட்டில் மரம் வளர்க்கும் கலை சீனாவில் தோன்றி, ஜப்பானில் இன்று நாம் காணும் வடிவத்தைப் பெற்றது. பைன் வளர்ப்பு நுட்பங்களில் பெரும்பாலானவை ஜப்பானியக் கரும்பைன், வெண்பைன், செம்பைன் ஆகிய மூன்றின் மீது உருவானவை. வெப்பமான கோடையைக் காணும் கரும்பைன், கோடைத் தொடக்கத்தில் தளிர்களை முழுவதும் வெட்டினாலும் அதே ஆண்டில் இரண்டாம் முறை துளிர்க்கும். அந்த இரண்டாம் தளிரின் ஊசிகள் குட்டையாக இருக்கும் என்பதால் அது புகழ்பெற்ற உத்தி. ஸ்காட்லாந்தின் குறுகிய, குளிர்ந்த கோடையில் வளரும் மரத்திடம் அதே வேலையை எதிர்பார்த்தால், இரண்டாம் தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். செம்பட்டையில் ஸ்காட்ஸ் பைன் ஜப்பானியச் செம்பைனுக்கு மிக நெருங்கிய தோற்றம் கொண்டது. ஆனாலும் இதற்கான கால அட்டவணையை ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் தங்கள் தட்பவெப்பத்தைப் பார்த்துத்தான் வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விதையா, நாற்றா, மலை மரமா?

விதையிலிருந்து தொடங்கினால் நல்ல அடிமரம் வரவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆண்டுகளில் மரம் போன்சாய்த் தொட்டியில் இருக்காது. நிலத்திலோ பெரிய தொட்டியிலோ தாராளமாக வளர்ந்து பருக்கும். பருத்த பிறகே குறுக்கி வெட்டி, வேரைச் சிறிதாக்கி, மெல்ல மெல்லத் தட்டுக்குக் கொண்டுவருவார்கள். பெட்டியில் வரும் சின்னஞ்சிறு தொட்டியில் விதையை முளைக்கவைத்து அங்கேயே வைத்திருந்தால், அடிமரம் பென்சில் தடிமனைத் தாண்டுவதற்கே நீண்ட காலம் பிடிக்கும். அதனால் பலர் நாற்றங்காலில் அடி பருத்த மரத்தைத் தேடி வாங்குகிறார்கள்.

மூன்றாவது வழி, மலையில் இயற்கையாகக் குறுகிய மரத்தைத் தோண்டி எடுப்பது. ஜப்பானியத்தில் இதற்கு ‘யமடோரி’ என்று பெயர். நூறாண்டு காற்று செதுக்கிய அடிமரம் கிடைக்கும் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். ஏற்கெனவே துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் காட்டின் மரம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், சட்டம் கேட்பதைவிடக் கூடுதலான பொறுப்பு நம்முடையது.

கைமாறும் மரம்

1923ல் தோக்கியோவைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கிருந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி நகருக்கு வெளியே ஓமியாவுக்குச் சென்றார்கள். 1925ல் அவர்கள் அங்கே உருவாக்கிய போன்சாய் கிராமத்தில் குடியேற நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது 10 போன்சாய் மரங்கள் வைத்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக்கூடாது. வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும். அண்டை வீட்டு மரத்தின் வெயிலை என் வீடு மறைக்கக்கூடாது என்ற எண்ணம் மாடி வீட்டுத் தடையில் தெரிகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு ஜப்பானிய வெண்பைன் இருக்கிறது. அது பழக்கத்துக்கு வந்த ஆண்டு 1625 என்று பதிவு சொல்கிறது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்த அந்த மரம் 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது தோட்டச் சுவரின் மறைவில் தப்பியது. 1976ல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அன்பளித்த 53 போன்சாய் மரங்களில் ஒன்றாக அது சென்றது. அதன் ஹிரோஷிமா கதை 2001ல், அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அதைத் தேடி வந்தபோதுதான் அருங்காட்சியகத்துக்கே தெரியவந்தது. நானூறு ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். கோடை வெயிலில் இரண்டு மூன்று நாள்கள் யாரும் ஊற்றாமல் விட்டிருந்தால் அந்த வரிசை அங்கேயே அறுந்திருக்கும்.

சரி, இங்கே?

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூட இல்லை. பகல் குறைவதும் குளிர் கூடுவதும்தான் மரத்துக்கு உறங்கச் சொல்லும் அறிகுறிகள். பல வாரங்கள் குளிரைக் கடந்த பிறகே மொட்டுகள் ஒழுங்காக விரியும். நமக்கோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. உறங்க முடியாத மரம், சூடான இரவுகளில் தன் சேமிப்பை மூச்சுவிட்டே செலவழிக்கிறது. முதல் ஆண்டு பச்சையாக நின்று நம்பிக்கை தரும். பிறகு துளிர் குறைந்து, ஊசி பழுத்து, மெல்லக் காயும். கேமரன் மலையின் குளிர்ச்சியும் இதற்குப் போதாது. அங்கும் குளிர்காலம் என்ற ஒன்று கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தீர்வாகாது. பசுமை மாறாத மரத்துக்கு உறக்கத்திலும் வெளிச்சம் வேண்டும்.

அதற்காக இந்தக் கலையே நமக்கு இல்லை என்று பொருளன்று. ஜூரோங்கின் சீனத் தோட்டத்தில் 1992லேயே சூச்சோவ் பாணிப் போன்சாய்த் தோட்டம் திறக்கப்பட்டது. நம் வெயிலில் செழிக்கும் மரங்கள் பல இருக்கின்றன. ஆலமரத்தின் உறவான ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா, இலையே இல்லாத கிளையிலிருந்தும் துளிர்க்கும். பைன் மன்னிக்காத வெட்டுகளை அது மன்னிக்கும். சீனர்கள் ‘ஷுய் மெய்’ என்று அழைக்கும் நீர் மல்லிகை, வெள்ளைப் பூக்களை மணத்தோடு தொங்கவிடும். சிங்கப்பூர், மலேசிய வளர்ப்பாளர்களின் நெடுநாள் விருப்பம் அது.

பைன் தோற்றம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சவுக்கு இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடப்பவர்கள் அதன் நிழலில் நின்றிருப்பார்கள். அது பைன் இனமே இல்லை. ஊசியிலை என்று நாம் நினைப்பவை உண்மையில் மெல்லிய பச்சைக் குச்சிகள். இலைகள் அவற்றின் கணுக்களில் பல்போல் ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில்கள். உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி வளர்ந்த இந்தக் கடற்கரையின் சொந்த மரம் அது. இந்தோனீசிய வளர்ப்பாளர்கள் அதைக் கம்பியால் பழக்கி, மலைப் பைனைப் போலவே நிறுத்துகிறார்கள்.

தொடங்க நினைப்பவர்கள், நாற்றங்காலில் சுமார் 20 வெள்ளிக்குள் கிடைக்கும் அடி பருத்த ஒரு சாதாரணச் செடியைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும்முன் கடைக்காரரிடம் அதன் சொந்த ஊர் எது, எவ்வளவு வெயில் வேண்டும் என்று கேளுங்கள். அன்றாடம் சில மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடத்தில், நடைவழியை அடைக்காமல் வையுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். கொசு உற்பத்தி இங்கே சட்டப் பிரச்சினையும்கூட. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தபின் நன்றாக ஊற்றுங்கள். முதல் சில மாதங்கள் கத்தரி வேண்டாம்.

அந்த மாதங்களில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துளிர் எந்த வாரம் வந்தது, இலை எத்தனை நாளில் முற்றியது, மழைக் காலத்தில் என்ன மாறியது என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். ஸ்காட்ஸ் பைனுக்கு ஐரோப்பியர்கள் வகுத்துக்கொண்ட நாட்காட்டி அவர்கள் ஊர்ப் பருவங்களிலிருந்து வந்தது. நடைவழியில் நிற்கும் உங்கள் மரத்துக்கான நாட்காட்டியை எந்தப் பெட்டியிலும் போட்டு விற்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.